பூட்டிய வீட்டுக்கு முதலாமிடம்

வெள்ளையம்மாவுக்குக் கொழும்பில் படுத்தெழும்ப இருந்த ஒரே இடத்தை இல்லாமல் செய்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கதையை எனக்குச் சாதகமாகச் சொல்லத் தொடங்கிவிடுவேன். அந்தக் கெட்டித்தனம் என்னிடம் நிறைய உண்டு. நடந்து இரண்டு மாதமாகிறது. இன்னும் சோற்றில் கை வைக்கும்போது திடீரென்று அது நினைவுக்கு வந்துவிடுகிறது.

எங்கள் தொடர்மாடி வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. ஆறு மாடி, இருபத்துநான்கு வீடு. பெயர் சாகர மாளிகை. முன்னால் பத்து மாடிக் கட்டடம் ஒன்று எழும்பிய பிறகு சாகரம் எவர் கண்ணிலும் படுவதில்லை. ரயில் சத்தம் மட்டும் வரும். இருபத்துநான்கில் ஏழு வீடு எப்போதும் பூட்டியே கிடக்கும். சொந்தக்காரர்கள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். விற்க மனம் வராது. வாடகைக்கு விட்டால் சுவரில் ஆணி அடித்துவிடுவார்கள் என்று பயம். ஆனால் வீடு இருண்டு கிடந்தால் மூதேவி குடிவந்துவிடும் என்று, வெள்ளிக்கிழமைகளில் சாமியறையில் விளக்கேற்ற மட்டும் ஓர் ஆளை ஒழுங்கு செய்துவிடுவார்கள். எங்கள் கட்டடத்தில் ஏழு வீட்டு விளக்கையும் ஏற்றியவர் வெள்ளையம்மா. படிக்கட்டும் கார் நிறுத்துமிடமும் கூட்டிக் கழுவுவதுதான் அவருடைய வேலை. விளக்கு அதற்கு மேலே வந்த பொறுப்பு.

அவர் மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவர். பதின்மூன்று வயதில் கொள்ளுப்பிட்டியில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்தில் அந்த வீட்டு எசமானி, ஒரு சிங்கள நோனா, தன்னை மூன்று நாள் சாமான் அறையில் ஒளித்து வைத்ததாக ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. பிறகு ஒருகொடவத்தையில் கொள்கலன் ஏற்றி இறக்கும் இடத்தில் வேலை செய்த இராமரைக் கட்டினார். அங்கேயே ஒரு வரிசை வீட்டில் ஒற்றை அறை. கொரோனா வருடத்தில் இராமர் ஆஸ்பத்திரிக்குப் போனவர், திரும்பி வரவில்லை. முகம் காட்டாமலேயே எரித்துவிட்டார்கள். மகள் ஜோர்தானில் ஆடைத் தொழிற்சாலையில் இருக்கிறாள். வெள்ளையம்மா தினமும் இரண்டு பஸ் மாறி எங்களிடம் வருவார். பஸ் பிந்திவிட்டது என்று வாரத்தில் இரண்டு நாளாவது மன்னிப்புக் கேட்பார். நானும் மணிக்கூட்டைக் காட்டிப் பேசுவேன்.

பேசுவது என் உத்தியோகம். அரச திணைக்களம் ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் வரைபடம் கீறி ஓய்வுபெற்றவள். இப்போது இந்தக் கட்டடத்துக் கமிட்டியின் செயலாளர். பெயர் ரஜனி. முதுகுக்குப் பின்னால் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும், அது இங்கே வேண்டாம்.

இந்தக் கட்டடத்துக்குள் பச்சை வீடு என்ற விளையாட்டைக் கொண்டுவந்ததும் நான்தான். குப்பை வண்டி வாரம் ஒருமுறை வந்தால் பெரிய காரியமாக இருந்த நேரம் அது. கீழே பத்துப் பதினொரு பீப்பாய் நிரம்பி வழியும், காகம் இழுத்துப் படியெல்லாம் பரப்பும். தண்ணீர்த் தாங்கி மத்தியானமே வற்றிவிடும். அப்போது கிஷாந்த் என்று ஒரு பொடியன், சொந்தமாகச் சின்ன நிறுவனம் நடத்துபவன், வந்து விளக்கம் சொன்னான். ஒவ்வொரு வீட்டுத் தண்ணீர்க் குழாயிலும் மின்சார மீற்றரிலும் தீப்பெட்டியளவு கருவி ஒன்று பூட்டுவார்களாம். குப்பைப் பையைக் கட்டுமுன் தொலைபேசியால் ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். மற்றதைச் செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளும்: எந்த வீட்டில் எதை வீணாக்குகிறார்கள் என்று படித்து, அந்த வீட்டுக்கென்றே தனியாக ஒரு சவால் கொடுத்து, புள்ளி போடும். பூட்டிக் கிடக்கும் வீடுகளைத் தானாகவே விட்டுவிடும்; ஆள் புழங்குவது தெரிந்தால் தானாகவே சேர்த்துக்கொள்ளும். கமிட்டியில் எல்லோரும் தலையாட்டினோம். சொந்தக்காரர்கள் அத்தனை பேரின் மின்னஞ்சலையும் நான் என் கையாலேயே தட்டெழுதிக் கொடுத்தேன்.

வாசல் கூடத்தில் ஒரு பெரிய திரை வைத்தார்கள். அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மரம். சிக்கனமாக நடந்தால் மரம் வளரும், வீணாக்கினால் இலை உதிரும். வீட்டு இலக்கம் போட்டால் வெட்டுக்குத்தில் முடியும் என்று கிஷாந்துக்கு யாரோ நல்ல புத்தி சொல்லியிருக்க வேண்டும்; இலக்கத்துக்குப் பதில் மரத்தில் ஒரு குருவியை இருத்தியிருந்தான். நம் குருவி எது என்று நமக்கு மட்டும்தான் தெரியும். என் குருவி செண்பகம். மூன்று மாதம் முடிய எல்லாக் குருவியும் யாரென்று சொல்லி, முதலாவதாக வந்த வீட்டுக்கு ஒரு சூரிய விளக்கும், வாசல் பலகையில் பெயரும்.

அந்த விளையாட்டு வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பதினொரு பீப்பாய்க் குப்பை நாலாகக் குறைந்தது. கமிட்டித் தலைவர் நவரத்தினம் மாஸ்டர் துணிப்பையோடு சந்தைக்குப் போனார். எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு தமிழில் அந்த விளையாட்டு தினமும் தொலைபேசியில் கதை சொல்லும்: “நேற்று உங்கள் குளியல் ஒன்பது நிமிடம். இன்று ஆறில் முடிப்போமா?” என் கணவர் தயாபரனுக்கு முதல் நாளே வெறுத்துவிட்டது. எனக்குப் பேய் பிடித்தது. போட்டி என்று வந்துவிட்டால் நான் சும்மா இருக்கிறவள் இல்லை. அரிசி கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றினேன். செடி போதாமல் போனதும் அந்தத் தண்ணீரில் பாத்திரம் கழுவினேன். ஏப்ரல் வெயிலில் ஃபானை நிறுத்திவிட்டு மனுசனைப் பல்கனியில் இருத்தினேன். அவர் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று எண்ணுவேன். முப்பத்தாறு வருடக் கலியாண வாழ்க்கையில் நாங்கள் இவ்வளவு சண்டை பிடித்ததில்லை.

இத்தனை செய்தும் நான் இரண்டாவதுதான். மேலே ஒரு மீன்கொத்தி இருந்தது. முதல் வாரத்திலிருந்தே அது உச்சியில் இருந்தது. அதன் மரம் திரையை முட்டிக்கொண்டு நின்றது. நான் ஒரு கிளை வளர்த்தால் அது இரண்டு வளர்க்கும். நவரத்தினம் மாஸ்டராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். எச்சில் கையால் காகம் துரத்தாத மனிதர், அவரை விட்டால் வேறு யார்? ஒருநாள் வெள்ளையம்மா வாசல் கூடம் துடைத்துக்கொண்டிருந்தபோது நான் திரையைக் காட்டி, செண்பகம் நான்தான், இரகசியம், ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று பெருமையடித்தேன். மேலே நிற்கிற நீலக்குருவி யாரென்று அவர் கேட்டார். தெரியாது, ஆனால் அதை முந்தாமல் எனக்கு நித்திரை இல்லை என்றேன். அவர் துடைப்பத்தில் கையை ஊன்றிக்கொண்டு, குருவி வடிவாக இருக்கிறதென்று சொல்லிவிட்டு மறுபடி துடைக்கத் தொடங்கினார்.

பரிசளிப்பு ஞாயிற்றுக்கிழமை. வியாழன் காலையில் கிஷாந்துக்குத் தொலைபேசி எடுத்து, சான்றிதழில் பெயர் எழுத வேண்டும், பட்டியலை அனுப்பு என்றேன். அது காரணமில்லை. மீன்கொத்தி யாரென்று மூன்று நாள் முந்தியே தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் பட்டியல் வந்தது. முதலாம் வரியைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். மீன்கொத்தி, 5சி.

5சி மயூரியின் வீடு. மயூரி ரொறன்ரோ போய் நாலு வருடம். அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது.

கருவி பழுதாகிவிட்டது என்று கிஷாந்தைப் பிடித்து ஏசினேன். அவன் கோபப்படவில்லை. பெருமையாகத்தான் சொன்னான்.

“அன்ரி, அது பிழை விடாது. அங்க ஒராள் இருக்கிறார். விடிய நாலரைக்கு எழும்பி, ஆறு மணிக்குள்ள எல்லாம் முடிச்சுப்போடுவார். பிறகு பின்னேரம்தான். நாளுக்குப் பதினாலு லீற்றர் தண்ணி. ஒரு லைற், அரை மணித்தியாலம். குப்பைப் படம் ஒண்டும் வரேல்ல, குப்பையே இல்லையெண்டுதான் கணக்கு. இவ்வளவு சிக்கனமா இருக்கிற ஆளை நாங்கள் இன்னும் ஒரு கட்டடத்திலயும் காணேல்ல.”

பதினாலு லீற்றர். நான் கணவரை வறுத்தெடுத்து, அரிசித் தண்ணீரில் பாத்திரம் கழுவி, ஆளுக்கு நாற்பத்தெட்டுக்கு இறக்கியிருந்தேன். அதையே நான் சாதனை என்று நினைத்திருந்தேன். பதினாலில் ஒருவர் சமைத்து, குளித்து, துணி தோய்த்து இருக்கிறார் என்றால் எப்படி? 5சி சாவி இரண்டு. ஒன்று செயலாளர் என்ற முறையில் என்னிடம். மற்றது வெள்ளையம்மாவிடம்.

அவர் கீழே கார் நிறுத்துமிடம் கழுவும் நேரம் பார்த்து ஐந்தாம் மாடிக்குப் போனேன். கதவைத் திறந்தால் யாரும் குடியிருந்த அடையாளமே இல்லை. கதிரைகளில் போர்த்திய வெள்ளைத் துணி மயூரி போர்த்தியபடியே கிடந்தது. மூன்று படுக்கையறைக் கதவும் சாத்தியிருந்தது. கட்டிலில் பொலித்தீன் உறை கூடக் கழற்றவில்லை. குசினியில் ஒரு கேத்தல், ஒரு தட்டு, ஒரு கோப்பை. கடைசியாகக் குசினிக்குப் பின்னால் இருந்த வேலைக்காரர் அறையைத் திறந்தேன். அங்கேதான் இருந்தது எல்லாம்: சுருட்டிய பாய், மடித்த சேலை மூன்று, ஒரு பை, இராமரின் படம்.

அந்தப் பாயில் அப்படியே இருந்துவிட்டேன். ஒருவரும் பார்க்காத இடத்தில், மூன்று படுக்கையறை வீடு முழுவதும் கையில் இருக்க, மனுசி ஏழடி அறையில் சுருண்டிருக்கிறார். பிறகுதான் ஒவ்வொன்றாக ஓடியது. வெள்ளையம்மா பஸ் பிந்திவிட்டது என்று சொல்லி எவ்வளவு காலம்? ஏழு மாதம் இருக்கும். ஒருகொடவத்தையில் களஞ்சியம் ஒன்று பெருப்பிக்க வரிசை வீடுகளை இடிக்கிறார்கள் என்று அந்த நேரம் அவர் ஏதோ சொன்னவர்தான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போதெல்லாம் நேரத்துக்கு வருகிறாரே என்று கமிட்டிக் கூட்டத்தில் பாராட்டினேன் வேறு.

நேரே கீழே போய் அவரிடம் கேட்டிருக்கலாம். இரண்டு நிமிட வேலை. ஞாயிற்றுக்கிழமை இப்படி ஒரு பெயர் வாசிக்கப்போகிறார்கள், அதற்கு முன் என்ன செய்யலாம் என்று இரண்டு பேரும் இருந்து யோசித்திருக்கலாம். நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரிந்ததாகிவிடும்; தெரிந்தால் செயலாளராக நான் ஏதாவது செய்தே ஆக வேண்டும். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. முகத்துக்கு நேரே கேட்டு ஒருவரை வெட்கப்படுத்தக் கூடாது என்போம். முதுகுக்குப் பின்னால் என்ன வேண்டுமென்றாலும் செய்வோம். அதை நாகரிகம் என்றுதான் நான் அறுபது வருடமாக நினைத்திருந்தேன்.

கிஷாந்திடம் 5சியைப் பட்டியலிலிருந்து எடுக்க முடியுமா என்று நைசாகக் கேட்டேன். சொந்தக்காரர் எழுதித் தந்தால் மட்டும்தான் என்றான். ஆனால் இன்னொன்றும் சொன்னான்: கடைசி வாரப் புள்ளிக்கு இரட்டிப்புப் பெறுமதி, இன்னும் எதுவும் நடக்கலாம். அதைக் கேட்டதும் எனக்கு வழி கிடைத்துவிட்டது. 5சி தோற்றால் போதும். முதலாவதாக வராத வீட்டைப் பற்றி யார் விசாரிக்கப் போகிறார்கள்? மீன்கொத்தி நாலாவதோ ஐந்தாவதோ ஆகிவிட்டால் அந்தப் பெயரை வாசிக்கவே மாட்டார்கள். வெள்ளையம்மா தப்பிவிடுவார். மீன்கொத்தி இறங்கினால் செண்பகம் ஏறும் என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை என்று இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு 5சிக்குப் போய், பெரிய குளியலறைக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன். மூன்று அறை ஏசியையும் போட்டேன். வெள்ளைத் துணி போர்த்திய கதிரையில் இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டேன். மூன்று மாதம் ஒரு கோப்பைத் தண்ணீருக்குக் கணவரோடு மல்லுக்கு நின்றவள் நான். இரண்டு முறை எழும்பிப் போய்க் குழாயில் கை வைத்தேன். இரண்டு முறையும் திரும்பி வந்து இருந்தேன். ஒரு மணிக்கு எல்லாவற்றையும் நிறுத்தி, கதவைப் பூட்டிவிட்டு வந்து சோறு சாப்பிட்டேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு சாப்பிட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டரைக்கு நவரத்தினம் மாஸ்டர் கதவைத் தட்டினார். மூச்சு வாங்கியது.

“பிள்ளை, 5சி திறப்பை எடும். மயூரி கனடாவில இருந்து கோல் எடுத்தவ. வீட்டில தண்ணிக் குழாய் வெடிச்சிட்டுதாம்.”

அந்த விளையாட்டுக்கு நான் நினைத்ததைவிட மூளை இருந்தது. பதினாலு லீற்றர் போகும் வீட்டில் இரண்டு மணித்தியாலத்தில் ஆயிரத்து இருநூறு போனால் அதை வீணாக்கல் என்று அது எடுக்கவில்லை. குழாய் கசிகிறது, ஆபத்து என்று எடுத்தது. புள்ளியில் ஒன்றுகூடக் குறைக்கவில்லை. நான் தட்டெழுதிக் கொடுத்த மின்னஞ்சலுக்கு உடனேயே எச்சரிக்கை அனுப்பியிருக்கிறது. மயூரி அங்கே முதியோர் இல்லமொன்றில் இரவு வேலையில் இருந்திருக்கிறாள். கடிதத்தில் வழக்கமான பாவனை என்று ஒரு வரைபடம் வேறு, ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு எவ்வளவு என்று. இந்த வீட்டில் வழக்கமாக இருப்பவர் ஒருவர், அவருக்கு உதவி தேவைப்படலாம் என்று எழுதியிருந்தது. பூட்டிவிட்டு வந்த வீட்டில் வழக்கமாக இருப்பவர் ஒருவர். அதை வாசித்த மயூரியின் நிலையையும் நினைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

சாவியோடு மாஸ்டருக்குப் பின்னால் நானும் படியேறினேன். அவர் ஒவ்வொரு அறையாகத் திறந்து, கடைசியில் அந்தப் பாயைக் கண்டார். வெள்ளையம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். அவர் கையைச் சேலையில் துடைத்தபடி வந்தார். வாசலில் எங்கள் இரண்டு பேரையும் கண்டதும் முகத்தில் இரத்தமே இல்லாமல் போய்விட்டது. மயூரி அனுப்பியிருந்த அந்தக் கடிதத்தை மாஸ்டர் தொலைபேசியில் பார்த்து முழுவதையும் சத்தமாக வாசித்தார்: மூன்று மாதம், பதினாலு லீற்றர், நாலரை மணி. போட்டியில் முதலாவதாக நிற்பதும் இந்த வீடுதான் என்று அதில் இருந்ததையும் வாசித்தார். தன் நாலரை மணிக் குளியலைப் பெரிய மனிதர் ஒருவர் சத்தமாக வாசிக்க, அந்த அம்மா சுவரோடு ஒட்டிப்போய் நின்றார். அவருடைய தொலைபேசி பழைய பட்டன் போன். அப்படியொரு விளையாட்டில் தான் இருந்ததே அவருக்குத் தெரியாது.

கடைசியாக மாஸ்டர் ஆயிரத்து இருநூறு லீற்றருக்கு வந்தார். வெள்ளையம்மா பெரிய குளியலறைக்குள் போனார். நிலம் இன்னும் ஈரமாக இருந்தது. குழாயைப் பார்த்தார். திரும்பி வந்து என் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். பிறகு மாஸ்டரிடம் சொன்னார்.

“இங்க இருந்தது உண்மைதாங்கய்யா. போக்கிடமில்ல. ஆனா தண்ணி நா தொறக்கல.”

“பிறகு ஆர் திறந்தது?” என்றார் மாஸ்டர்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். திணைக்களத்தில் பணிப்பாளரையே எதிர்த்துப் பேசியவள், பஸ்ஸில் கொண்டக்டரோடு நியாயம் கேட்கிறவள், ஒரு சொல் சொல்லவில்லை. வாய் திறந்தால் இரண்டே சொல்: நான்தான் திறந்தேன். அது வரவில்லை. என்னைப் பற்றி எனக்கு இருந்த அபிப்பிராயம் எல்லாம் அந்த நிமிடத்தில் போயிற்று. இன்றுவரை திரும்பி வரவில்லை.

மயூரி வீடியோவில் வந்தாள். பொலிசுக்குப் போகமாட்டேன், ஆனால் இன்றைக்கே வெளியே போகச் சொல்லுங்கோ, நான் விளக்கேத்தத்தானே திறப்புக் குடுத்தனான் என்று அழுதாள். கமிட்டிக்காரர் நாலு பேர் படிக்கட்டில் நின்றபடியே வேலையிலிருந்தும் நிறுத்துவதென்று முடிவெடுத்தார்கள். பத்து நிமிடம் பிடிக்கவில்லை. குப்பைப் பீப்பாய் நிறம் என்ன என்பதற்கு இதே கமிட்டி மூன்று கூட்டம் வைத்தது. வெள்ளையம்மா பாயைக் கட்டினார். அந்தச் சின்ன அறையைக் கூட்டினார். பிறகு நான் ஈரமாக்கிய குளியலறை நிலத்தையும் காயத் துடைத்துவிட்டு, சாவியை மாஸ்டரின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். என்னைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மீன்கொத்தியைத் திரையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மயூரி எழுதிக் கொடுத்துவிட்டாள். செண்பகம் முதலாமிடம், 3பி, திருமதி ரஜனி தயாபரன் என்று வாசித்தார்கள். எழும்பிப் போய் அந்தச் சூரிய விளக்கை இரண்டு கையாலும் வாங்கினேன். கை தட்டினார்கள். படம் பிடித்தார்கள். அந்தப் படத்தில் நான் சிரிக்கிறேன். அதுதான் எனக்கு இன்னும் நம்ப முடியாதது.

அன்று பின்னேரம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை. எழும்பிப் போய் ஃபானை முழு வேகத்தில் போட்டுவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்தார். மறுநாள் மாஸ்டரிடமும் போய்ச் சொன்னேன். அவர் அதிர்ந்துபோவார், கமிட்டியைக் கூட்டுவார், வெள்ளையம்மாவைத் தேடி ஆள் அனுப்புவார் என்று நினைத்தேன். முடிஞ்ச விசயம், விடும் பிள்ளை என்றார். தண்ணியை ஆர் திறந்தாலும் அவ அங்க இருந்தது பிழைதானே என்றார். திரும்பி வந்தேன். மற்றவர்களும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்கள். ஒருவர் மட்டும், எப்படியோ கப் உங்களுக்குத்தானே என்று கண்ணடித்தார்.

இரண்டு வாரம் கழித்து, கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் வெள்ளையம்மா கூட்டித் துடைக்கிறார் என்று தேங்காய்க் கடைக்காரர் சொன்னார். சூரிய விளக்கைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கினேன். எங்கள் வீட்டுப் பின்னறை சும்மா கிடக்கிறது, வந்து இருங்கோ என்றும் சொல்வதாக இருந்தேன். லொட்ஜில் மாடிப்படிக்குக் கீழே ஒரு மூலையைத் துணியால் மறைத்திருந்தார்கள். இராமரின் படம் அங்கே இருந்தது. வெள்ளையம்மா என்னைக் கண்டதும் பிளாஸ்டிக் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டார். தேத்தண்ணி வைக்கட்டுமா என்று கேட்டார்.

நான் கதிரையில் இருக்கவில்லை. அன்றைக்குத் தண்ணியைத் திறந்தது நான்தான் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

“தெரியும்மா. சாவி ரெண்டுதானே.”

உங்களைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன், பெயர் வாசித்தால் பிடிபட்டுவிடுவீர்கள் என்று பயந்துதான் செய்தேன் என்றேன். விளக்கை எடுத்து நீட்டினேன். இது உங்களுடைய பரிசு, நீங்கள்தான் வென்றது என்றேன். பின்னறையைப் பற்றியும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். விளக்கை வாங்கவில்லை. நான் சொன்னதில் ஒரு சொல்லையும் அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் அதில் கோபம் இருக்கவில்லை. எனக்காக வருத்தப்படுகிற முகமாக இருந்தது.

“அந்த நீலக்குருவிய முந்தணும்னு நீங்க எவ்வளவு ஆசப்பட்டீங்கன்னு எனக்குத் தெரியாதாம்மா? அது நாந்தான்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. தெனமும் ரெண்டு வாளி கூட ஊத்திக் குளிச்சிருப்பேனே.”